கடைசிவரை கேட்டவர்

மொக்கைச்சாமி யாரையும் நம்பமாட்டார் என்று சுருளிப்பட்டியில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. தன்னை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். சந்தேகமெல்லாம் மற்றவர்கள் மேல்தான். எலெக்ட்ரானிக் தராசில் திராட்சைப் பெட்டியை ஏற்றுவதற்கு முன்னால் தானே ஒரு தடவை ஏறி நின்று பார்ப்பார். காட்டுகிற எடை மனசுக்குப் பிடிக்காவிட்டால் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறுவார். ரேஷன் கடை மெஷினில் விரல் ரேகை வைத்ததும் அந்தக் கண்ணாடியைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் சர்க்கரையைக் கையில் வாங்குவார். ரேகையை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் பின்னால் வருகிறவன் அதை வைத்து என்னவாவது செய்துவிடுவானாம். வரிசையில் நிற்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பங்குக் கிணறு வாய்த்திருந்தது. அப்பா விட்டுப்போன கிணறு. ஒரு கரையில் மொக்கைச்சாமியின் பன்னீர் திராட்சைப் பந்தல், மறு கரையில் தம்பி சுருளிராஜனின் வாழை. சுருளிராஜன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் கேரளாவில் கிடப்பான். அதனால் வாழையைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி நாகஜோதிதான். ஒரு நாள் அண்ணன் முறை, ஒரு நாள் தம்பி முறை என்று ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சினார்கள். குழாய் கிணற்றடியில் இரண்டாகப் பிரியும். ஆளுக்கொரு வால்வு. இரண்டில் ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் குழாய் வெடித்துவிடும்.

போன வருஷம் மழைக்காலத்தில் மோட்டார் ரூமுக்குள் ஒரு கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்த பிறகு நாகஜோதிதான் சொன்னாள், "மாமா, ஊரு பூரா செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டிட்டாக. நாமளும் மாட்டிருவோம். வீட்டுல இருந்துக்கிட்டே மோட்டாரப் போடலாம்." பாம்பு விஷயத்தில் மொக்கைச்சாமிக்கு வேறு கருத்து இல்லை. ஒத்துக்கொண்டார்.

கம்பத்திலிருந்து மெக்கானிக் திலீபன் வந்தான். ஒரு டப்பாவை மோட்டார் ரூம் சுவரில் அடித்து, அதற்குள் ஒரு சிம் கார்டைப் போட்டான். அந்த நம்பருக்குப் போன் போட்டால் டப்பா தானாக எடுக்கும், மோட்டார் ஓடும். இன்னொரு தடவை போட்டால் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

"மாஸ்டர் நம்பர் யாரோடதுண்ணே?" என்று திலீபன் கேட்டான். "ஒரு நம்பர மாஸ்டரா வச்சிட்டா, அவுக சேக்குற நம்பருக்கு மட்டுந்தான் இது எடுக்கும். வேற யாரு கூப்பிட்டாலும் அசையாது. மோட்டாரு ஓடுனா, நின்னா, அவுகளுக்கு மெசேஜும் வந்துரும்."

நாகஜோதி, "மாமா நம்பரையே வச்சிருங்க" என்றாள். மொக்கைச்சாமிக்கு உடனே பொறி தட்டியது. எதற்கு இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாள்? மோட்டார் எரிந்துபோனால் மாஸ்டர் நம்பர்காரன் தலையில் கட்டுவதற்கா? சரி, அவள் நம்பரை வைக்கலாம் என்றால், நாளைக்கே தன் நம்பரை நீக்கிவிட்டுக் கிணற்றையே சுருட்டிக்கொள்வாள். அரைமணி நேரம் யோசித்தார். திலீபன் இரண்டு டீ குடித்துவிட்டான்.

"ஏலே, மாஸ்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொதுவா விட்ரு. யாரு போட்டாலும் ஓடட்டும்."

"அண்ணே, பூட்டே இல்லாத வீடு மாதிரிண்ணே அது."

"நம்பர் தெரிஞ்சாத்தானடா போடுவான்? நானு, எம் பொண்டாட்டி, இவ, எந் தம்பி. நாலு பேரத் தவிர எவனுக்குத் தெரியப்போகுது?"

திலீபன் தோளைக் குலுக்கிவிட்டு டப்பாவை மூடினான். அவனுக்கென்ன, அவன் வேலை முடிந்தது.

மாசியில் பழைய கொடியை வெட்டிக் கவாத்து முடித்து, புதுசு துளிர்விட்ட சமயத்தில் கயல் என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். தேனியில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். விவசாயிகளுக்குச் செல்போனில் பயிர் ஆலோசனை சொல்லும் திட்டமாம். எப்போது மருந்தடிக்க வேண்டும், எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று வாரத்தில் இரண்டு தடவை ஒரு குரல் கூப்பிட்டுச் சொல்லுமாம். இலவசம் என்றாள். அந்த ஒரு வார்த்தை போதாதா? மொக்கைச்சாமியின் காது விடைத்துக்கொண்டது.

பெயர் சொன்னார். ஊர் சொன்னார். எத்தனை ஏக்கர் என்றதற்குக் கொஞ்சம் குறைத்தே சொன்னார். போன் நம்பர் கேட்டபோது தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நம்பரைச் சொன்னார். அவருடைய நம்பர் இல்லை. கயல் அதை டேப்லெட்டில் தட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"நம்பரக் குடுத்தா பேங்குல இருக்கறத வழிச்சுருவாக. நம்மகிட்டயா நடக்கும்?" என்று மனைவி கஸ்தூரியம்மாளிடம் சொல்லிச் சொல்லி அன்று பூராவும் சிரித்தார். இரண்டு நாளில் அதை மறந்தும் போனார்.

திட்டம் என்றால் சும்மாவா? சர்வே முடிந்து, கூட்டம் போட்டு, தொடக்க விழா நடத்தி, குரல் பேச ஆரம்பிப்பதற்குள் திராட்சை கறுக்கத் தொடங்கிவிட்டது. பழம் கறுத்து இனிப்பு ஏறும் அந்த நாட்களில் திராட்சைக்குத் தண்ணீர் விஷம் மாதிரி. வேர் தண்ணீரைக் குடித்துவிட்டால் பழம் உப்பித் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டான். அதனால் மொக்கைச்சாமி தன் வால்வை இறுக்கி மூடிவிட்டார். போன காய்ப்பில் மழை பெய்து கெடுத்தது. இந்தக் காய்ப்பை மட்டும் ஒழுங்காக இறக்கிவிட்டால் தலை நிமிர்ந்துவிடலாம் என்று அவர் நம்பியிருந்தார். பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து குலை குலையாகத் தொட்டுப் பார்ப்பதுதான் அவருக்கு அப்போது வேலை.

தண்ணீர்தான் வேண்டாமே, முறையைத் தம்பி பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தால் என்ன என்று கஸ்தூரியம்மாள் கேட்டாள். "இன்னைக்கி விட்டுக் குடுத்தா நாளைக்கி அதுவே பழக்கமாயிரும்" என்றார் மொக்கைச்சாமி. அவருடைய முறை நாளில் மோட்டார் சும்மா கிடக்க வேண்டும், கிணறு ஊற வேண்டும். அதுதான் நியாயம்.

அப்படி அவர் முறையாக இருந்த ஒரு காலையில் பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தவர் காதில் மோட்டார் சத்தம் விழுந்தது. எட்டிப் பார்த்தால் நாகஜோதியின் வாழைக்குள் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. மொக்கைச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. போனை எடுத்து மோட்டாரை நிறுத்திவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனார். நாகஜோதி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை.

"எம் மொறையில மோட்டாரப் போட்டியா நீயி?"

"நானா? இல்லையே மாமா. போன் உள்ளதான் கெடக்கு, சார்ஜுல."

"பெறகு காத்தா வந்து போட்டுச்சு?"

அவள் கை நுரையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். அந்த விழுங்கலைத்தான் மொக்கைச்சாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கள்ளம் இல்லாதவள் எதற்காக விழுங்குகிறாள்?

திலீபனைக் கூப்பிட்டு டப்பாவைச் சோதிக்கச் சொன்னார். அவன் திறந்து பார்த்து, போட்டுப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, "டப்பா தங்கமா இருக்குண்ணே" என்றான். "யாராச்சும் கூப்பிட்டாத்தான் இது ஓடும். தானா ஓடவே ஓடாது. யாரு கூப்பிட்டாகன்னு மட்டும் இதுல பதியாது. அதுக்குத்தான் மாஸ்டர் நம்பர் வைக்கச் சொன்னேன்." கடைசியில் சொன்னது மொக்கைச்சாமியின் காதில் ஏறவில்லை. யாராச்சும் கூப்பிட்டாத்தான் ஓடும். அது மட்டும் ஏறியது. நாலு பேருக்குத்தான் நம்பர் தெரியும். தான் கூப்பிடவில்லை, கஸ்தூரி கூப்பிடவில்லை. தம்பி கோட்டயத்தில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறான், இங்கே யார் முறை என்றே அவனுக்கு நினைவிருக்காது. கணக்குச் சரியாகப் போய்விட்டது.

அடுத்த வாரமும் அவர் முறை நாளில் மோட்டார் ஓடியது. இந்த முறை அவர் நாகஜோதியிடம் போகவில்லை. கிணற்றடிக்குப் போனார். அவள் வால்வை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டினார். தன் வால்வைத் திறந்துவிட்டார். அவள் முறை நாளில் காலையில் வந்து தன் வால்வை மூடிவிட்டுப் பூட்டைத் திறந்துவிடுவது, தன் முறை நாளில் பூட்டிவைப்பது. இனிமேல் திருட்டுத்தனமாக மோட்டாரைப் போட்டால் தண்ணீர் அவள் வாழைக்குப் போகாது, தன் பந்தலுக்கு வரும். பந்தலில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறாரே. முதல் சொட்டு விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

கஸ்தூரியம்மாள் கிணற்றடிக்கே வந்துவிட்டாள். "பழம் கறுத்து நிக்கிற நேரத்துல தண்ணிய நம்ம பக்கம் தெறந்து வச்சிருக்கீகளே, ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நீ சும்மா கெட. திருடி மாட்டுனாத்தான் நம்ம பழம் தப்பிக்கும்."

பந்தலுக்குள் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார். சாப்பாடு அங்கேயே வந்தது. வரப்பில் நாகஜோதி போகும்போதெல்லாம் அவள் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் ஒரு சந்தேகம், இல்லாவிட்டால் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று இன்னொரு சந்தேகம். அவள் யாருடனாவது சிரித்துப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. சிரிக்காமல் போனால் குற்றம் குறுகுறுக்கிறது என்று தோன்றியது. கட்டிலில் படுத்தால் தூக்கம் வரவில்லை.

இதற்கு நடுவில் தேனியில் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. போகாமல் இருக்க முடியாது. அன்றைக்கு அவர் முறை நாள். புறப்படும் முன்னால் வால்வை மாற்றிவிடலாமா என்று கிணற்றடி வரை போனார். வால்வில் கையையும் வைத்தார். அப்போது ஓர் எண்ணம் வந்தது. தான் ஊரில் இல்லாத நாள்தானே அவளுக்கு வசதி? இன்றைக்கு நிச்சயம் போடுவாள். போட்டால் வாழைக்குத் தண்ணீர் வராது. வராவிட்டால் ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடுவாள். பந்தல் ஓரத்தில் ரெண்டு பாத்தி நனையும், அவ்வளவுதான். அந்த ஈரம் சாட்சி சொல்லும். வால்வை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். புத்திசாலித்தனம் அதிகமாகிப்போனால் மனிதன் இப்படித்தான் தன் பந்தலுக்குத் தானே மடை திறந்து வைப்பான்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உறவுகளோடு பேசிவிட்டு, சாயங்காலம் வந்து பார்த்தால் பந்தலுக்கடியில் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கிறது. கருப்புக் குலைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரியம்மாள் போன் போட்டு அதை நிறுத்திவிட்டு, பட்டுச்சேலையோடு சேற்றில் இறங்கி மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விட்டாள். மொக்கைச்சாமி அசையாமல் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அதை விடப் பெரிதாக வெறி வந்தது.

ரெண்டே நாளில் பழம் வெடிக்க ஆரம்பித்தது. குலைக்குப் பத்துப் பழம், அப்புறம் பாதிக் குலை. ஈ மொய்த்தது, பந்தல் முழுக்கப் புளித்த வாடை. பழம் எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த வியாபாரி வந்து, ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, கீழே விட்டுவிட்டுப் பேசாமல் வண்டியைத் திருப்பினான்.

மொக்கைச்சாமி தெருவில் நின்று கத்தினார். நாகஜோதி வெளியே வந்தாள். தெருவே கூடிவிட்டது.

"அன்னைக்கி நான் ஊருலயே இல்ல மாமா. கம்பத்துல ஆஸ்பத்திரியில இருந்தேன், சின்னவளுக்குக் காய்ச்சல்னு. சீட்டுக்கூட இருக்கு."

"எங்கன இருந்தா என்ன? போனுதான் கையில இருக்குல்ல? துபாயில இருந்துகூட மோட்டாரப் போடலாம்."

அவள் போனை நீட்டினாள். "பாத்துக்கங்க. யாருக்குப் போட்டிருக்கேன்னு பாத்துக்கங்க."

"அழிச்சிருப்ப."

நாகஜோதியின் முகம் செத்துப்போனது. நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். "எம் மொறையில எத்தன நாளு மோட்டாரு பாதியில நின்னுச்சு தெரியுமா? வாழைக்கித் தண்ணி பாதிப் பாத்தியோட நின்னுரும். நீங்கதான் நிறுத்துறீகன்னு நானுந்தான் நெனச்சேன். பெரியவுகளாச்சேன்னு வாயத் தெறந்து கேக்கல. விழுங்கிக்கிட்டேன்." அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழம காலையில கருப்பசாமி கோயிலுக்கு வாங்க. சூடம் அடிக்கிறேன்."

சூடம் அடிப்பது விளையாட்டு இல்லை. கோயில் படியில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆனால் சத்தியம் வாங்கியவர் வீட்டுக்கும் செய்தவர் வீட்டுக்கும் நடுவில் உறவும் அத்தோடு தீர்ந்துவிடும். கல்யாணம் கிடையாது, சாவு கேதம் கிடையாது, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. சுருளிராஜனை மொக்கைச்சாமிதான் தோளில் தூக்கி வளர்த்தார். அவனுக்கு நாகஜோதியைப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவர்தான்.

"வேணாங்க, போயிப் பேசி முடிங்க" என்று கஸ்தூரியம்மாள் கெஞ்சினாள். "எனக்கு அவ ஒருத்திதான் தொணை. ஒங்க சந்தேகத்துக்கு அவளையும் பறிகுடுக்கணுமா?"

"சத்தியம் பண்ணட்டும். கையி வெந்தாத்தான் தெரியும்" என்றார் மொக்கைச்சாமி. கஸ்தூரியம்மாள் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கஸ்தூரியம்மாள் முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டாள். மொக்கைச்சாமி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, புறப்பட்டுப் பந்தல் ஓரமாக வந்தபோது ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. கயல். ஒரு கையில் டேப்லெட், இன்னொரு கையில் சரிகை போட்ட பொன்னாடை. முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, நீங்கதானே மொக்கைச்சாமி? உங்களுக்குத்தான் சிறந்த விவசாயி விருது. இப்ப ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறோம், விழா அப்புறம் தேனியில."

"எதுக்கு?" அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "நான் எங்கனயும் கையெழுத்துப் போடலயே?"

"கையெழுத்தெல்லாம் வேணாம்யா. நாங்க எத்தனையோ ஊருல கூப்பிடுறோம். 'வணக்கம்'னு சொல்றதுக்குள்ள எல்லாரும் கட் பண்ணிடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் எல்லாப் போன் காலையும் எடுத்து, கடைசிவரைக்கும் கேக்குறீங்க. ஒண்ணைக்கூட விடல. எங்க சார் மீட்டிங்ல உங்களைப் பத்திதான் பேசினாரு."

"என்ன காலு? எனக்கு ஒரு காலும் வரல ஆத்தா."

கயல் சிரித்தபடியே டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர் பெயர், ஊர், பக்கத்தில் வரிசையாகப் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். அவள் ஒன்றைத் தொட்டாள். ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. "வணக்கம் விவசாயப் பெருமக்களே. திராட்சை பழுக்கும் இந்தப் பருவத்தில் தண்ணீர் பாய்ச்சுவதை அறவே தவிர்க்கவும். தண்ணீர் பாய்ச்சினால் பழங்கள் வெடிக்கும்..."

"எந்த நம்பருக்கு இது வந்துச்சு?"

கயல் நம்பரை வாசித்தாள். மொக்கைச்சாமி அவளைப் பாதியில் நிறுத்தினார். மீதியை அவரே சொல்லி முடித்தார். தினமும் அவர் விரல் தட்டிப் பழகிய நம்பர். மோட்டார் டப்பாவின் நம்பர். பேங்கில் இருப்பதை வழிக்க வந்தவள் மோட்டாரோடு பேசிக்கொண்டிருக்கட்டும் என்று மாசியில் அவர் சொல்லி அனுப்பிய நம்பர்.

அப்போதும் அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "இப்பக் கூப்பிடு ஆத்தா. எங் கண்ணு முன்னால கூப்பிடு."

கயலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டேப்லெட்டில் எதையோ தட்டினாள். ஒரு நிமிஷம் போனது. பிறகு கிணற்றடியில் மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தண்ணீர் விடாதே என்று அந்தக் குரல் உள்ளே டப்பாவுக்குப் பணிவாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, வெளியே குழாயில் தண்ணீர் கொட்டியது. டப்பாவுக்குக் காது ஏது? போன் வந்தால் ஓடு என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாஷை.

"ஐயா, பொன்னாடை..." என்று கயல் பின்னால் கூப்பிட்டாள். மொக்கைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயசில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடும்போதே மனசு கணக்குப் போட்டது. சொன்னால் ஊர் சிரிக்கும். மோட்டாருக்கு விருது வாங்கிக் கொடுத்தவன் என்று காலம் பூராவும் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டால்? பழம் போனது போனதுதான், அவள் சத்தியம் செய்துவிட்டுப் போவாள், யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தார். நினைத்ததற்காக அவருக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. தன் மேல் அவருக்கு அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

கோயில் படியில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நாகஜோதி ஈரத் தலையோடு நின்று கையை ஓங்கிவிட்டாள். மொக்கைச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு விழுந்தடித்துப் போய், அவள் கை இறங்குவதற்குள் தன் உள்ளங்கையால் சூடத்தை அடித்தார். தோல் பொசுங்கியது.

"நாந்தான்!" மூச்சு வாங்கியது. "மோட்டாரப் போட்டது இவ இல்ல. எல்லாம் நான் பண்ணுன கூத்து. சர்வேக்கு வந்த பிள்ளகிட்ட எந் நம்பரக் குடுக்கப் பயந்துக்கிட்டு மோட்டாரு நம்பரக் குடுத்தேன். அவுக கூப்பிடுறப்பல்லாம் அது ஓடியிருக்கு, நின்னுருக்கு. இவ மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிரு ஆத்தா. வா, வீட்டுக்குப் போவோம்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். நாகஜோதி சிரிக்கவில்லை.

"இத ஒங்களுக்கு யாரு சொன்னா மாமா?"

"அந்தப் பிள்ள கையில இருக்குற டேப்லெட்டுல எல்லாம் இருக்கு ஆத்தா. தேதி வாரியா இருக்கு. எங் கண்ணால பாத்தேன்."

"ம்." அவள் தலையாட்டினாள். "அது சொன்ன ஒடனே நம்பிட்டீக."

மொக்கைச்சாமி அவள் பக்கம் ஓரடி வைத்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒங்க தம்பியக் கட்டி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருசமாச்சு. இந்தப் பதினாறு வருசத்துல ஒங்ககிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. ஆஸ்பத்திரி சீட்டு இருக்குன்னேன், போனக் காட்டுனேன், நடுத்தெருவுல நின்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். அப்ப நம்பல. இன்னைக்கி ஒரு டப்பா சொன்னதும் ஓடி வாரீக." அவள் முந்தியை அவிழ்த்து இன்னொரு சூடக்கட்டியை எடுத்தாள். "அந்தப் பிள்ள இன்னைக்கி வராமப் போயிருந்தா?"

"அதான் தெரிஞ்சுபோச்சே ஆத்தா. இனிமே எதுக்கு?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் தெரிஞ்சுபோச்சு."

சூடத்தைப் படியில் வைத்துக் கொளுத்தினாள். யாரும் தடுக்கவில்லை. மொக்கைச்சாமி வெந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் மோட்டாரப் போடல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, நாகஜோதி உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது. கை எரிந்திருக்கும். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கி நடந்தாள்.

கஸ்தூரியம்மாள் கீழே கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு, புருஷனைத் திரும்பிப் பார்க்காமல், நாகஜோதியின் பின்னால் போனாள்.